குழாயைத் துளைக்காமல், உள்ளே திரவம் இருக்கிறதா என்று ஒலியால் அறிய முடியுமா? அதற்கு வளையும் சென்சார் எதற்கு?

முடியும். டயாலிசிஸ் இயந்திரங்களில் தினமும் நடப்பதுதான் இது. அவற்றைப் பழுது பார்ப்பது என் வேலை, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

சுத்தமான ரத்தம் உடம்புக்குத் திரும்பும் வீனஸ் லைன், ஏர் டிடெக்டர் என்ற குறுகிய பள்ளத்தின் வழியாகப் போகும். பள்ளத்தின் ஒரு பக்கம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும் பீசோ வில்லை (மின்சாரத்தை அதிர்வாகவும் அதிர்வை மின்சாரமாகவும் மாற்றும் பீங்கான் துண்டு), எதிரே அதை வாங்கும் இன்னொரு வில்லை. நடுவில் ரத்தமோ சலைனோ இருந்தால் ஒலி கடந்துவிடும். ஒலி போவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்புதான் ஒலித்தடை; பக்கத்துப் பக்கத்துப் பொருள்களில் இது வெகுவாக வேறுபட்டால் ஒலி எல்லையிலேயே திரும்பிவிடும். தண்ணீரின் ஒலித்தடை காற்றினுடையதைப்போல் ஏறக்குறைய 3,500 மடங்கு என்பதால், டியூபை அடைக்கும் அளவு காற்று வந்தால் 99.9 சதவீத ஒலி அப்படியே திரும்பிவிடும். சிக்னல் விழுந்ததும் கிளாம்ப் டியூபை நெரிக்கும், ரத்த பம்ப் நிற்கும்.

ஆனால் அந்தக் காற்று டியூபுக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் சென்சாருக்கு ஒன்றுதான்! ஒருநாள் இரவு ஒரே இயந்திரத்தில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. "சார், லைன்ல ஒரு குமிழிகூட இல்ல" என்றார் சிஸ்டர். உண்மைதான். பள்ளத்தில் சிந்திய சலைன் காய்ந்து, உப்பளத்து ஓரம்போல் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன்மேல் டியூப் மயிரிழை தூக்கி உட்கார்ந்திருந்தது. ஈரப்பஞ்சால் துடைத்து, டியூபை நன்றாக அழுத்தி வைத்தேன். அலாரம் அடங்கியது.

வளையும் சென்சாரின் பலம் இந்த இடத்தில்தான். உருண்டையான குழாயைத் தட்டையான சென்சார் ஒரு கோட்டில்தான் தொடும், மிச்சமெல்லாம் காற்று. மெத்தென்ற டியூப் என்றால் பள்ளத்தில் நசுக்கி வைக்கலாம். விறைப்பான குழாயை என்ன செய்வது? பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் படலத்துக்குப் பீசோ குணம் உண்டு என்று 1969இல் ஜப்பானின் கவாய் கண்டுபிடித்தார். சில பத்து மைக்ரான் தடிமன்தான், டேப் மாதிரி சுற்றிவிடலாம். பீங்கான் வில்லையின் ஒலித்தடை தண்ணீரினுடையதைப்போல் இருபது மடங்கு; இதற்கு மூன்று மடங்குக்குள்தான், அதனால் ஒலி சுலபமாக ஏறி இறங்கும்.

குறையும் உண்டு. கேட்பதில் கெட்டி, அனுப்புவதில் பலம் கம்மி. 80 டிகிரிக்கு மேல் சூடேறினால் திறன் குறையத் தொடங்கும், ஆகவே நீராவியில் கிருமிநீக்கம் செய்ய முடியாது.

கல்லூரி புராஜெக்ட் என்றால் மெல்லிய பிவிசி டியூபில் தொடங்குங்கள். சிலிக்கான் ரப்பர் ஒலியை நிறைய விழுங்கும். அப்புறம், முதல் தடவை, காற்று இடைவெளியை நிரப்பும் ஸ்கேன் ஜெல்லைப் படலத்துக்கும் குழாய்க்கும் நடுவில் தடவியும் தடவாமலும் சிக்னலைப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் படலம் இன்னும் சரியாக ஒட்டவில்லை.