Re: அம்மாவுக்கு 30க்கு 19 வந்திருக்கிறது, டிமென்ஷியாவா?

அந்த 19ஐ வைத்து மட்டும் டிமென்ஷியா, அதாவது மறதிநோய், என்று முடிவுக்கு வராதீர்கள் அக்கா. அம்மா ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் இங்கே முக்கியம். அம்மாவுக்கு எடுத்த எம்.எம்.எஸ்.இ., அதாவது நினைவு, கவனம், மொழி போன்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கும் அந்த 30 மதிப்பெண் சோதனை, 1975இல் அமெரிக்காவில் உருவானது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு மட்டும் 5 மதிப்பெண். வாசிக்க, எழுத, ஐங்கோணம் வரைய ஆளுக்கொரு மதிப்பெண் மாதிரி ஒவ்வொன்றுக்கும் 1. ஆக 8 மதிப்பெண் பள்ளிப் படிப்போடு ஒட்டியது. பல வருஷமாகப் பேனாவே பிடிக்காதவருக்கு அவை போவது மறதியால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத முதியவர்களுக்காக இதை இந்தியில் மாற்றியமைத்ததே இந்தச் சிக்கலால்தான்.

முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பாருங்கள், இவற்றாலும் மறதி வரலாம். அப்பா போன பிறகு அம்மா பேசுவதே குறைந்துவிட்டது என்கிறீர்களே, மனச்சோர்வும் மறதி மாதிரியே தெரியும். அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காதும் கண்ணும்கூடப் பரிசோதியுங்கள். என் அப்பாவுக்குக் காது மெஷின் இல்லாமலே சோதனை எடுத்துவிட்டார்கள், கேள்வியே காதில் விழாமல் முழித்தார் பாவம்.

அப்புறம், நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி முழு நரம்பு உளவியல் மதிப்பீட்டுக்கு, அதாவது நினைவு, கவனம், மொழி எல்லாவற்றையும் விரிவாகப் பார்க்கும் சோதனைக்குப் போங்கள். தமிழில் செய்பவரா என்று முன்பே கேளுங்கள். சில மணி நேரம் ஆகும், களைத்தால் இரண்டு நாளாகப் பிரிக்கச் சொல்லலாம். முன்பு சொன்ன சொல் குறிப்பு கொடுத்தால் நினைவுக்கு வருகிறதா, கொடுத்தும் வரவில்லையா என்று அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். சமையல், காசுக் கணக்கு, மாத்திரை, இவற்றில் எப்போதிலிருந்து தடுமாற்றம் என்று நீங்களும் எழுதிக்கொண்டு போங்கள்.