ஸ்கூபாவில் (காற்று சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் நீந்துவதில்) 'அட்வான்ஸ்டு' சான்றிதழ் பெற்றவர் தேர்ந்த டைவரா?

அவசியம் இல்லை. 'அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர்' என்பது அடிப்படைப் பயிற்சிக்கு அடுத்த படி, அவ்வளவுதான். 'பாடி' (PADI) என்ற பயிற்சி அமைப்பில் இதற்கு 5 டைவ் போதும்: ஆழத்துக்கு ஒன்று, திசை பார்த்து வழி கண்டுபிடிக்க ஒன்று, மற்ற மூன்றும் நம் விருப்பம். முடித்ததும் 18 மீட்டர் ஆழ வரம்பு 30 மீட்டராகிறது.

பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, புதுச் சூழல்களை ஒருமுறை பார்க்க வைப்பதே இதன் நோக்கம். கார் ஓட்டப் பழகியவரை ஆசிரியர் ஒருநாள் இரவிலும் ஒருநாள் மலைப்பாதையிலும் ஓட்ட வைப்பது போல. நல்ல பயிற்சிதான். ஆனால் தனியாக, மழையில், கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பக்குவம் அதற்குள் வந்துவிடாது.

தேர்ச்சி நீருக்கடியில் பளிச்சென்று தெரியும். காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மிதப்புச் சட்டையின் பொத்தானைப் புதியவரின் கை விடாது. கால் துடுப்பு அடிமணலைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். பழகியவர் மூச்சை வைத்தே ஒரே மட்டத்தில் நிற்பார். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 4 மடங்கு, சிலிண்டர் காற்றும் 4 மடங்கு வேகத்தில் தீரும். பதறி மூச்சு வாங்கினால் இன்னும் சீக்கிரம். அதனால் கூட வருபவரிடம் சான்றிதழ் அட்டையைவிட, இதுவரை எத்தனை டைவ், கடைசியாக எப்போது என்று கேளுங்கள்.

அட்டை காலாவதியாகாது என்பதால் திறமையும் அப்படியே இருக்கும் எனப் பலர் நம்புகிறார்கள். இரண்டு வருடம் நீரில் இறங்காதவருக்கு முதலில் வேண்டியது ஒரு மறுபயிற்சி டைவ்.