கிலோவா, கூறா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கொருக்குப்பேட்டை வாசகி): போன ஞாயிறு சென்னை காசிமேட்டில் 2 கிலோ சங்கரா மீன் வாங்கி, அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து எடுத்து வந்தோம். வீட்டில் நிறுத்தால் 1 கிலோ 300 கிராம்தான். ஏமாந்துவிட்டோமா?

பதில்: அவசரப்பட்டுக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். தலையை எடுக்கச் சொன்னீர்களா? சங்கராவில் தலை, செதில், குடல் எல்லாம் போனால் மூன்றில் ஒரு பங்கு குறைவது சகஜம். இறால் இன்னும் மோசம். தலையும் ஓடும் போனால் ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ மிஞ்சுவதே பெரிய விஷயம். காசிமேட்டில் சொல்லும் விலை முழு மீனுக்கு. வெட்டுக்கூலி தனி. தலையை விடாமல் வாங்கிக் குழம்பு வையுங்கள், காசுக்குக் காசும் ஆகும்.

குறைந்தது தலையால் இல்லை, தராசால் என்று தோன்றினால் ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, பாட்டிலுக்கு இருபது முப்பது கிராம் கூடும். “அண்ணே, இதைக் கொஞ்சம் தராசுல வைங்களேன்” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். 1,020, 1,030 காட்டினால் தராசு நல்ல தராசு. 1,200 காட்டினால், நீங்கள் ஒரு கிலோவுக்குக் காசு கொடுத்து முக்கால் கிலோவும் சொச்சமும் வாங்குகிறீர்கள் என்று பொருள். வைக்கவே மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். மீனைப் போடும் முன் தட்டோடு சேர்த்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பாருங்கள். தட்டில் தேங்கிய ஐஸ் தண்ணீர் பலருக்குக் கண்ணில் படுவதில்லை.

எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வாங்க வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

அப்புறம், தரையில் குவித்து “கூறு இருநூறு” என்பவரிடம் கிலோ கணக்கு பேச முடியாது. அங்கே உங்கள் கண்தான் தராசு. மேலே பெரிய மீன், கீழே பொடி என்று கூறு கட்டுவது பழைய வித்தை. நான் ஒருமுறை நெத்திலிக் கூறு என்று வாங்கி வந்து பார்த்தால், அடியில் பாதி உடைந்து கூழாக இருந்தது. அன்றிலிருந்து கையை விட்டுக் கிளறிப் பார்க்காமல் எந்தக் கூறையும் வாங்குவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் விலை ஏறும், வெளியூர் மீனும் வரும். அப்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகர்): மகளைப் பார்க்க ஹாங்காங் போகிறோம். வழியில் பாங்காக்கில் இரண்டு நாள். எந்த ஊர் போனாலும் என் மனைவிக்குச் சந்தையைப் பார்த்தே ஆக வேண்டும். எதில் கவனம் வேண்டும்?

பதில்: உங்கள் வீட்டம்மாவுக்கு என் ஓட்டு. ஆனால் அங்கே எழுதியிருக்கும் விலை எந்த அளவுக்கு என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஹாங்காங் மீன், காய்கறிக் கடைகளில் இன்னும் கேட்டி என்ற எடைதான் பெரும்பாலும் ஓடுகிறது. ஒரு கேட்டி சுமார் 605 கிராம். பலகையில் 60 டாலர் என்று பார்த்து, கிலோ 60 என்று சந்தோஷப்பட்டால் கணக்கு உதைக்கும். கிலோ கிட்டத்தட்ட 100 டாலர் ஆகிறது. எல்லை தாண்டிச் சீனாவுக்குள் போனால் அதே எடை 500 கிராமாகச் சுருங்கிவிடும். பாங்காக்கில் கீத் என்று ஒன்று, அது 100 கிராம். தட்டில் குவித்த மசாலா விழுதுக்கு 40 பாட் என்றால் கீத்தா, கிலோவா என்று விரலைக் காட்டியாவது கேட்டுவிடுங்கள்.

இதில் சிரிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. நம் பாட்டிகள் வீசைக் கணக்கில்தான் புளி வாங்கினார்கள், சுமார் 1 கிலோ 400 கிராம். அந்தத் தமிழ்ச் சொல் கடல் தாண்டி, பர்மா சந்தையின் எடைக்கு ஆங்கிலத்தில் ‘விஸ்’ என்றே பெயராகிவிட்டது. அங்கே இன்றும் அந்த எடை ஓடுகிறது. ஆனால் அவர்கள் வீசை நம்முடையதைவிடக் கனம், சுமார் 1 கிலோ 630 கிராம்.

கேள்வி (ராயபுரம்): நம்ம ஊர் பர்மா பஜாரில் வாங்கிய வெளிநாட்டுச் சாக்லேட்டில் விலையே அச்சிடவில்லை. சரியா?

பதில்: சரியில்லை. இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாதது யாரோ பெட்டியில் கொண்டுவந்த சரக்காக இருக்கலாம். வாங்கினால், காலாவதித் தேதியையாவது பாருங்கள். பில் இல்லாமல் பிறகு சண்டை போட முடியாது.

கேள்வி (வண்ணாரப்பேட்டை வாசகி): மதுரைச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். நம்ம பக்கம் சாப்பிட எங்கே அழைத்துப் போகலாம்?

பதில்: மாலுக்கு வேண்டாம். வார நாளில் மாலை சவுகார்பேட்டை மின்ட் தெருவில் நடங்கள், ஞாயிறு என்றால் பல கடைகள் சாத்தியிருக்கும். முறுக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச்சை மதுரைக்காரர்கள் முதலில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். இருட்டியதும் கடற்கரை ரயில் நிலையம் பக்கம், செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்தது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பெஜோ என்ற மொறுமொறு வடையை நொறுக்கித் தூவுவார்கள். காரத்தைப் பிசைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கூடவே வாழைத்தண்டு சூப் வரும். அதற்குத் தனிக் காசா என்று உட்காரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இல்லை என்பார்கள்.