பூட்டிய காருக்குள் அணையாத விளக்கு

கேள்வி: குளச்சலில் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பத்து வருடம் ஓடிய சின்ன கார். ஒரு மாதமாக, கதவைப் பூட்டிய பிறகும் உள்ளே ரூஃப் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு ராத்திரி அப்படியே விட்டால் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. கதவு லாக்கில் தேங்காய் எண்ணெய் விட்டும் பார்த்தேன். மெக்கானிக் பல்பைக் கழற்றிவிடச் சொல்கிறார். கழற்றலாமா?

பதில்: கழற்றினால் உள்ளே இருட்டாகும், அவ்வளவுதான். விளக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாக அதற்குத் தகவல் போய்க்கொண்டிருக்கிறது. அது எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

அதற்கு முன் ரூஃப் லைட் சுவிட்சை ஆஃப் பக்கம் தள்ளிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் அந்த விளக்கின் சுவிட்சே கெட்டிருக்கிறது, கதவுகளைத் தொட வேண்டாம். அணைந்துவிட்டால் மறுபடி ‘டோர்’ நிலையில் (கதவு திறந்தால் மட்டும் எரியும் நிலை) வைத்துவிட்டுக் கதவுகளுக்கு வாருங்கள். டிக்கியும் ஒரு கதவுதான், மறக்க வேண்டாம். மீன் பெட்டி ஏற்றி ஐஸ் தண்ணீர் சொட்டிய டிக்கி என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

கதவைத் திறந்து, அது வந்து மூடுகிற சட்டத்தைப் பாருங்கள். ரப்பர் மூடிய சின்னப் பொத்தான் இருந்தால் உங்களுக்கு வேலை சுலபம். மற்ற கதவுகளை மூடிவிட்டு, அந்தப் பொத்தானை விரலால் நன்றாக அழுத்துங்கள். சில கார்களில் விளக்கு அணைய அரை நிமிடம் ஆகும், பொறுங்கள். அணைந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, கதவு அதைப் போதுமான அளவு அழுத்தவில்லை. கதவு தொய்ந்திருக்கலாம். அணையாவிட்டால் அந்த ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, சுவிட்சை வெளியே இழுத்து, வயரைப் பிரியுங்கள். பிரித்த வயரை உடனே டேப் போட்டு வெளியே ஒட்டிவிடுங்கள். கதவுச் சட்டத்துக்குள் நழுவிவிட்டால் அதைத் தேடி எடுக்க அரை நாள் போகும்.

இந்த வகை சுவிட்ச் செய்வது ஒன்றுதான்: கதவு திறந்ததும் அந்த வயரை எர்த்தோடு, அதாவது கார் பாடியோடு, சேர்க்கிறது. வெறும் துரு பிடித்தால் பெரும்பாலும் விளக்கு எரியாமல்தான் போகும். உங்கள் ஊர்க் கதை வேறு. ரப்பர் கிழிந்து உப்பு ஈரம் உள்ளே போனால் பொத்தான் வெளியே நீட்டியபடி சிக்கிக்கொள்ளும், அல்லது அந்த ஈரமே பாலம் போட்டுவிடும். வயரைப் பிரித்ததும் விளக்கு அணைந்தால் சுவிட்சை மாற்றுங்கள், பெரிய செலவில்லை. எல்லாக் கதவிலும் பிரித்தும் எரிகிறதென்றால் எங்கோ வயர் தேய்ந்து பாடியில் உரசுகிறது. டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடங்கி விரியும் ரப்பர் குழாய்க்குள் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பொத்தானே இல்லையென்றால் சுவிட்ச் கதவு லாக்குக்குள் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தபடியே, லாக்கின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு ‘கிளிக்’ கேட்கும்வரை தள்ளுங்கள். ஒவ்வொரு கதவிலும் இதைச் செய்து விளக்கைக் கவனியுங்கள். கதவை மூடுவதற்கு முன் வெளிக் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்தே ஆக வேண்டும். மறந்து அடித்தால் லாக் உடையும். குற்றவாளிக் கதவு தெரிந்ததும் எலெக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, கொக்கியை இருபது முப்பது தடவை இயக்குங்கள். தேங்காய் எண்ணெய் இங்கே உதவாது. கடற்கரை மணலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதலில் அதைத் துடைத்தெடுங்கள். சுத்தம் செய்தும் ஒரு வாரத்தில் திரும்ப வந்தால் லாக்கை மாற்றத்தான் வேண்டும்.

டிக்கி விளக்கு அணைகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மொபைலில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள்.

இனி பேட்டரி. ரூஃப் லைட் பல்பு பொதுவாக 5 வாட், 12 வோல்ட்டில் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-ஹவர். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் அளவில் இருக்கும். நல்ல பேட்டரி என்றால் ஒரு ராத்திரியில் படுக்காது, இரண்டு மூன்று நாள் தாங்கும். உங்களுடையது ஒரே ராத்திரியில் படுக்கிறதென்றால் அதற்கும் வயதாகிவிட்டது, அல்லது வேறு எதுவோ கூடவே கரண்ட் குடிக்கிறது. முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே காட்டினால் விளக்கைச் சரிசெய்த பிறகும் காலையில் வண்டி தள்ள ஆள் கூப்பிட வேண்டிவரும்.

பார்ட் கிடைக்கும்வரை ரூஃப் லைட் சுவிட்சை ஆஃபில் வையுங்கள். ஃபியூஸைப் பிடுங்க வேண்டாம். பல கார்களில் ரேடியோவும் சென்ட்ரல் லாக்கும் அதே ஃபியூஸில்தான் ஓடுகின்றன.