ஆஸ்திரேலியாவில் குடும்ப வன்முறை: விசா, சாட்சி, பிள்ளைகள் – கேள்வி பதில்

கேள்வி: தற்காலிக பார்ட்னர் விசா 820-ல இருக்கிறன். விட்டுட்டுப் போனா விசாவைக் கான்சல் பண்ணிப் போடுவன் எண்டு மனுசன் வெருட்டுறார்.

அவரால் முடியாது. தன் ஸ்பான்சர்ஷிப்பை அவர் விலக்கிக்கொள்ளலாம், ஆனால் விசா முடிவு குடிவரவுத் துறையுடையது. உறவு உண்மையானது, அது முறிவதற்கு முன்பே வன்முறை நடந்தது என்று காட்டினால், அவர் இல்லாமலே நிரந்தர விசா கேட்கலாம். முதல் வேலை இம்மிஅக்கவுண்ட், அதாவது விசா விண்ணப்பத்துக்கான துறையின் இணையக் கணக்கு. பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் அவர் கையில் இருந்தால் துறையின் கடிதம் அவருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியாமலே கெடு முடிந்துவிடும். அவர் தொடாத போனில் புது மின்னஞ்சல் திறந்து, முகவரி மாற்றத்தைத் துறைக்கு அறிவியுங்கள்.

கேள்வி: போலீசுக்குப் போகவில்லை. சாட்சி இல்லையே?

கோர்ட் உத்தரவு இல்லாமலும் வழி உண்டு. குடிவரவுத் துறையின் 1410 படிவத்தில் உங்கள் சத்தியக்கூற்று. கூடவே மருத்துவர், சமூகப் பணியாளர், பள்ளி போன்றோரில் இரண்டு வேறு வகையினரின் கடிதங்கள். இரண்டு மருத்துவர் கடிதம் வைத்துச் சிக்கியவர்கள் உண்டு. "இவர் இப்படிச் சொன்னார்" என்று மட்டும் எழுதிய கடிதம் நிற்காது. வன்முறை நடந்ததென்று தாம் ஏன் கருதுகிறார், செய்தவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். சத்தியக்கூற்றில் தேதி, இடம், நடந்தது என்று வரிசையாக எழுதி, மருந்தாளர் போன்ற தகுதியுள்ளவர் முன் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் மகளை, கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்தும் நகை கேட்டு மிரட்டுகிறார்கள். அடித்ததில்லை.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் 2008 குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தில் 2019 முதல் இதுவும் குடும்ப வன்முறை. மிரட்டியோ மனதை நோகடித்தோ வரதட்சிணை கேட்டால் போதும், கல்யாணத்துக்கு முன்பானாலும் பின்பானாலும். வாட்ஸப் மிரட்டல்களை அழிக்காமல் உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும்.

கேள்வி: அகதி விண்ணப்பம் கணவர் பெயரில், நானும் பிள்ளைகளும் அதில் இணைப்பு. பிரிந்தால் என்ன செய்வது?

அகதிப் பாதுகாப்புக் கேட்க உங்களுக்கென்று தனிக் காரணம் இருந்தால் தனியாகவே சொல்லலாம். அவருடைய வக்கீல் வேண்டாம், வேறு வக்கீலைப் பாருங்கள். விக்டோரியாவில் இன்டச் அமைப்பு புலம்பெயர்ந்த பெண்களுக்கென்றே இயங்குகிறது.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் எங்கட ஊர்க்காரராக இருந்தா? மகனைக் கூட்டிப் போகட்டா?

மகன் வேண்டவே வேண்டாம். அம்மாவின் காயத்தைப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கக் கூடாது. 131 450-ல் தொலைபேசி மொழிபெயர்ப்பு உண்டு. பெண், வேறு மாநிலத்தவர் என்று கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லாமல் பேச முடியுமா என்றும் கேளுங்கள். ஆலோசனைக்கு 1800 737 732, 24 மணி நேரமும். உயிர் ஆபத்தென்றால் 000.

கேள்வி: பிள்ளையை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ?

போலீசிடம் வாயால் சொன்னால் விமான நிலையத்தில் தடுக்க மாட்டார்கள். குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அதன் நகலோடு கூட்டாட்சிக் காவல்துறையின் கண்காணிப்புப் பட்டியலுக்கு விண்ணப்பியுங்கள். பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து இருக்கட்டும். நம் பெயர்களை முன்பின்னாக எழுதும் வழக்கம் இங்கேதான் காலை வாரும்.