ஆத்தங்குடிக் கல்லா, செராமிக் டைல்ஸா: எது சுற்றுச்சூழலுக்குச் சுமை குறைவு?

"ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது, அப்படியானால் செராமிக்கைவிட நல்லதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆத்தங்குடிக் கல் என்பது காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக்கல். கல் வேகவில்லை, ஆனால் அதிலுள்ள சிமெண்ட் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் வெந்து வந்தது. சுண்ணாம்புக்கல் சிதையும்போதே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது.

இரண்டின் சுமையையும் கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். முதலில் அதற்கான அலகை முடிவு செய்யுங்கள். கல்லுக்குக் கல் ஒப்பிடக் கூடாது. '1 சதுர மீட்டர் தரை, 50 ஆண்டு' என்று வையுங்கள். 2 செ.மீ. கனமுள்ள ஆத்தங்குடிக் கல் சதுர மீட்டருக்கு 40 கிலோவைத் தொடும். செராமிக் ஏறக்குறைய அதில் பாதி. அதனால் காரைக்குடியில் பதித்தால் லாரிக் கணக்கு சொற்பம், டெல்லிக்கு அனுப்பினால் பெரிது.

பிறகு பட்டறையில் எடை போடுங்கள். கண்ணாடிமேல் அச்சுக்குள் ஊற்றும் வண்ணக் கலவை, அதன்மேல் தூவும் உலர்ந்த சிமெண்ட்-மணல், கடைசியாக ஈரச் சாந்து: மூன்றிலும் சிமெண்ட் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறியுங்கள். மணலுக்காக மெனக்கெட வேண்டாம். கார்பனில் பெரும்பங்கு சிமெண்ட்தான். 100 கல் பதிக்க 105 வார்த்திருந்தால், உடைந்த ஐந்தும் கணக்கில் வர வேண்டும். கல் ஊறும் தொட்டித் தண்ணீரைக் கணக்கில் தனியாக எழுதுங்கள். கண்மாயை நம்பி வாழும் இந்தச் சீமையில் அதைக் கார்பனுக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாது.

பலர் சறுக்குவது ஆயுளில். செராமிக்கை 20 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால், 50 ஆண்டில் மூன்று முறை பதிக்க வேண்டும். ஆயுளை 20, 30, 50 ஆண்டு என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். முடிவு தலைகீழானால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.