பாம் எண்ணெய்க்கு மாறியும் கொலஸ்ட்ரோல் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 46. இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 168, ட்ரைகிளிசரைட் (இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பு) 240 என்று வந்ததும் தேங்காய் எண்ணெயை விட்டுப் பாம் எண்ணெய்க்கு மாறினேன், முட்டையையும் நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்தும் எல்.டி.எல். 164. காலையும் இரவும் ரொட்டியும் சம்பலும்தான் சாப்பாடு. எங்கே பிழை?

பதில்: பிழை ரொட்டிக்குள்ளும் சம்பலுக்குள்ளும் போகும் தேங்காயில் இருக்கிறது. தேங்காயில் கொலஸ்ட்ரோல் கிடையாது, அது உண்மை. ஆனால் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி நம் உடம்பே செய்வது. எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஈரலில் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு, அதாவது குளிரில் உறையும் வகைக் கொழுப்பு, சாப்பாட்டில் கூடினால் அந்த ஏற்பிகள் குறையும், எல்.டி.எல். வெளியேயே தேங்கும். தேங்காயின் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு அந்த வகைதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, அதாவது 30 கிராம், 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு தரும். ரொட்டி மாவிலும் சம்பலிலுமாக நாளுக்கு இரண்டு கைப்பிடி உங்கள் பங்குக்கு வந்தால் 18 கிராம். முழு ஆடைப் பால்மாவில் நான்கு கோப்பை தேத்தண்ணி குடித்தால் இன்னும் 6 கிராம். உங்களைப் போல எல்.டி.எல். கூடியவருக்கு நாள் முழுவதற்கும் 15 கிராமுக்குள் நிற்பது நல்லது.

பாம் எண்ணெயும் பாதி நிறைவுற்றதுதான். ஒரு தேக்கரண்டியில் 2 கிராமுக்கு மேல். தேங்காய் எண்ணெயில் 4, சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெயில் ஒரு கிராமுக்கும் குறைவு. எதை வாங்கினாலும் அளந்து ஊற்றுங்கள்: ஆளுக்கு நாளுக்கு 3 தேக்கரண்டி. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 1.8 லீற்றர். முட்டை ஒன்றில் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். நீரிழிவு இல்லாவிட்டால் வாரத்துக்கு நான்கைந்து சாப்பிடலாம்.

மலை ஏறி இறங்கி வேலை செய்பவரிடம் ரொட்டியை விடு என்று சொல்வது நியாயமில்லை. மாவை மாற்றுங்கள். ஒரு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை குரக்கன் மா, தேங்காய்ப்பூ 2 மேசைக்கரண்டி மட்டும், மிச்சத்துக்குத் துருவிய கரட்டும் பொடியாக அரிந்த லீக்ஸும். குரக்கன் தனியாக இழுபடாது, தட்டும்போது வெடிக்கும். அதனால்தான் பாதிக்குப் பாதி. சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து 15 நிமிடம் மூடி வைத்தால் ஓரம் கிழியாது. சம்பல் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், பக்கத்தில் கெட்டியான பருப்போ அவித்த கௌபியோ வையுங்கள். அவற்றிலுள்ள கரையும் நார் பித்தத்தோடு சேர்த்துக் கொலஸ்ட்ரோலை வெளியேற்றும். கறிக்கு முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம் பாலை மட்டும் சேருங்கள்.

கடை வடை, பெட்டிஸ், பாணில் பூசும் மலிவு மாஜரின் மூன்றையும் தள்ளி வையுங்கள். மாஜரின் லேபலில் 'பகுதியளவு ஐதரசனேற்றப்பட்ட' என்று இருந்தால் வாங்கவே வேண்டாம். அதிலுள்ள ட்ரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி, நல்ல எச்.டி.எல்.லை இறக்கும்.

ட்ரைகிளிசரைட் 240 வேறு கதை. தேத்தண்ணிச் சீனி, வெள்ளை மா, சாராயம்: இந்த மூன்றையும்தான் அங்கே பார்க்க வேண்டும். பால் சேர்க்காத பிளேன்டிக்கு மாறி, சீனியைக் கோப்பைக்கு அரைக் கரண்டியாக்குங்கள்.

கிளினிக்கில் மாத்திரை தந்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். 8 முதல் 12 வாரம் கழித்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி இரத்தம் கொடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் தைரொயிட் சோதனையும் செய்யச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும்.